சிம்னிக்குள் பையன், டிரையருக்குள் பிரஷ்

இந்த வார எபிசோடு ஒரு வாட்ஸப் போட்டோவுல இருந்து ஆரம்பிச்சது. நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் காலேஜ் நண்பன், லெட்டர் பாக்ஸில் கிடந்த ஒரு விளம்பர நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். சிம்னி சுத்தம் செய்வோம், டிரையர் வென்ட் சுத்தம் செய்வோம், ஏர் டக்ட் சுத்தம் செய்வோம் என்று மூன்றும் ஒரே நோட்டீஸில். ஓரத்தில் கறுப்புக் கோட்டும் உயரமான தொப்பியும் போட்ட ஒரு ஆள் கையில் பிரஷோடு நிற்கிறார். நண்பன் கேட்டது இதுதான்: "மச்சி, துணி காயப்போடுற மெஷினுக்கும் இந்தத் தொப்பிக்காரனுக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்லணும்னா லண்டன்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அதுக்கு முன்னாடி, டிரையரைப் பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷம். நம்ம ஊரில் மொட்டை மாடியும் ஒரு கொடியும் இருந்தால் வேலை முடிந்தது. அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான வீடுகளில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே டிரையர் இருக்கும். ஈரத்துணி சுழலும் டிரம்முக்குள் சூடான காற்று அடிக்கும். ஈரத்தை வாங்கிக்கொண்ட அந்தக் காற்று 4 அங்குலக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போகும். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசியும் கூடவே போகும். லின்ட் என்பார்கள். மெஷினில் இருக்கும் வலை அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், எல்லாவற்றையும் அல்ல. மிச்சம் குழாயின் வளைவுகளில் படியும். சும்மா பருத்தி நார்தானே என்று நினைக்க வேண்டாம். கேம்பிங் போகிறவர்கள் விறகு பற்றவைக்க இதைத்தான் பையில் போட்டு எடுத்துப் போவார்கள். அந்த அளவுக்குச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அதாவது ஒரு குழாய், அதில் சூடான காற்று, அது உள்ளே படியவிட்டுப் போகும் எரியக்கூடிய ஏதோ ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் யாராவது உள்ளே போய்ச் சுத்தம் செய்தே ஆகணும். 1700களின் லண்டனில் அந்த 'யாராவது' ஒரு குழந்தை.

1666 செப்டம்பர் 2. புட்டிங் லேனில் ஒரு பேக்கரியில் பற்றிய தீ நாலு நாளில் பழைய லண்டனின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டது. அடுத்து வந்த சட்டங்கள், வீடு கட்டினால் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்டணும் என்றன. அதே காலத்தில் விறகின் இடத்தை நிலக்கரி பிடித்துக்கொண்டது. நிலக்கரிக்கு அகலமான சிம்னி தேவையில்லை. குறுகலாக இருந்தால்தான் புகையை நன்றாக இழுக்கும். இன்னொரு பக்கம் வரி. 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங் என்று அடுப்பு வரி போட்டார்கள். இதை ஏமாற்றப் போய் ஒரு ஊரே எரிந்த கதையும் உண்டு. 1684இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சர்ச்சில் கிராமத்தில் ரொட்டி சுடும் பெண் ஒருவர், தனக்கென்று சிம்னி இல்லாமல், சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டுச் சிம்னியில் தன் அடுப்பைச் சேர்த்துவிட்டாராம். 20 வீடுகள் போயின, நாலு பேர் இறந்தார்கள். நம்ம ஊரில் போஸ்ட்டில் கொக்கி போட்டு கரண்ட் எடுப்பது மாதிரிதான், என்ன, இது நெருப்பு.

சரி, பையன்கள். ஒரு சாதாரண லண்டன் புகைக்குழாயின் குறுக்களவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். ஒரு ஏ4 தாளை எடுத்து வைத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 9க்கு 9 கூட இருந்தது. அதுவும் நேராகப் போகாது. நாலைந்து மாடி வீட்டில் ஒவ்வொரு அறையின் குழாயும் திரும்பி, சாய்ந்து, மற்றதோடு ஒட்டிக்கொண்டு மேலே போகும். இதில் பெரியவர் நுழைய முடியாது. அதனால் ஆறு வயது, ஏழு வயது, சில சமயம் அதற்கும் குறைந்த வயதுப் பையன்கள். 'க்ளைம்பிங் பாய்ஸ்' என்பது அந்தத் தொழிலுக்கே இருந்த பெயர். ஏழைக் குடும்பங்களும், அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த பாரிஷ் அதிகாரிகளும் தொழில் பழகட்டும் என்று சொல்லி இவர்களை முதலாளிகளிடம் ஒப்படைப்பார்கள். சில பெற்றோர் காசு வாங்கிக்கொண்டும் கொடுத்தார்கள்.

பையன் ஒரு தொப்பியை முகம் மூடும்படி கழுத்துவரை இழுத்துக்கொள்வான். ஒரு கையில் பிரஷைத் தலைக்கு மேல் பிடித்து, முதுகும் முழங்காலும் எதிரெதிர்ச் சுவரில் முட்டுக்கொடுக்க, கம்பளிப்பூச்சி மாதிரி ஏறுவான். கரி மேலே கொட்டிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது சட்டை மேலே சுருண்டாலோ, முழங்கால் மார்போடு மடங்கிப் போனாலோ அங்கேயே சிக்கிக்கொள்வான். அதனால் இடுக்கான குழாய் என்றால் துணியே இல்லாமல் ஏறுவார்கள். முட்டியும் முழங்கையும் உரிந்து ரத்தம் வராமல் இருக்கத் தோலைக் காய்ப்பு ஏற்ற வேண்டும். அதற்கு நல்ல காட்டமான உப்புநீரை அந்தப் புண்ணிலேயே தேய்த்து நெருப்பு பக்கத்தில் நிறுத்துவார்கள். நாட்டிங்காம் முதலாளி ஒருவர் 1863இல் அரசு விசாரணைக் குழுவுக்கு இதைத் தானே விவரமாகச் சொன்னார். அழுகிற பையனுக்குப் பிரம்பைக் காட்டணும், இல்லாவிட்டால் அரைப் பென்னி தருவதாக ஆசை காட்டணும் என்பதையும் சேர்த்து. தொழில் குறிப்பு சொல்வது போலத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தத் தொனிதான் அதிகம் உறுத்தியது.

பகலில் அள்ளிய கரியை எறிய மாட்டார்கள். அது விவசாயிகளுக்கு உரமாக விலைபோகும். ராத்திரி கரி மூட்டைதான் பையன்களுக்குப் படுக்கை, போர்வை எல்லாம். குளியல் எப்போதாவது. அந்தக் கரி பல வருஷம் தோல் மடிப்புகளில் தங்கியதன் விளைவை முதலில் கண்டுபிடித்தவர் லண்டனின் செயின்ட் பார்தலோமியூஸ் ஆஸ்பத்திரி சர்ஜன் பெர்சிவல் பாட். சிம்னி வேலை செய்தவர்களுக்கு வளர்ந்தபிறகு விரைப்பையில் வரும் புண், அதுவரை டாக்டர்கள் நினைத்தபடி பால்வினை நோய் அல்ல, புற்றுநோய். காரணம் புகைக்கரி என்று 1775இல் எழுதினார். அதுவரை அவர்களுக்குப் பாதரச மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஒரு தொழிலால் ஒரு புற்றுநோய் வரும் என்று மருத்துவம் எழுதிவைத்த முதல் இடம் இதுதான். கரித் தாரில் இருக்கும் எந்த வேதிப்பொருள் காரணம் என்பதைப் பிரித்தெடுக்க 1933 வரை ஆனது. பென்சோபைரீன். சிகரெட் புகையில் இருக்கிற அதே சாமான்.

இதில் இன்னொரு சங்கதி. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் சிம்னி வேலை செய்தவர்களுக்கு இந்த நோய் ஏன் அவ்வளவாக வரவில்லை என்று 1892இல் ஹென்றி பட்லின் என்ற சர்ஜன் தேடிப் போனார். ஜெர்மனியில் அவர் பார்த்தது, உடம்போடு ஒட்டிய தோல் உடுப்பும், வேலை முடிந்ததும் குளிக்கும் பழக்கமும். அவ்வளவுதாங்க. ஒரு உடுப்பும் ஒரு பக்கெட் தண்ணியும்.

சட்டம் எங்கே போச்சு என்று கேட்பீர்கள். சட்டம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஜோனாஸ் ஹான்வே என்ற வணிகர் இந்தப் பையன்களுக்காகப் பல வருஷம் எழுதினார். லண்டன் தெருவில் குடை பிடித்துப் போனதற்காக ஊரே கேலி செய்ததே, அந்த ஆள்தான். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1788இல் முதல் சட்டம்: எட்டு வயதுக்குக் கீழே தொழிலுக்கு எடுக்கக் கூடாது. 1834இல் அது பத்து வயதானது. 1840இல் 21 வயதுக்குக் கீழே யாரும் சிம்னியில் ஏறவே கூடாது என்றார்கள். 1864இல் அபராதத்தை ஏற்றினார்கள். காகிதத்தில் எல்லாம் இருந்தது. போய்ப் பார்க்கிற ஆளும் இல்லை, முதலாளிக்கு உரிமம் என்ற ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் பையனைத்தான் கேட்டார், முதலாளி பையனை அனுப்பினார், மாஜிஸ்ட்ரேட் வீட்டுச் சிம்னியும் அதே மாதிரிதான் சுத்தமாகியது.

மாற்று வழி இல்லாமலா? இதுதான் இந்தக் கதையில் எனக்குக் கோபம் வருகிற இடம். ஸ்காட்லாந்தில் கூரை மேல் நின்று, கயிற்றில் ஈயக் குண்டும் பிரஷும் கட்டி உள்ளே இறக்கினார்கள். பையன் தேவைப்படவில்லை. லண்டனில் 1803இல் பையன்களை ஏற்றும் வழக்கத்தை ஒழிக்கவே ஒரு சங்கம் தொடங்கி, நல்ல கருவிக்குப் பரிசு அறிவித்தார்கள். ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் உள்ளே கயிறு ஓடும் மரக்குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நுனியில் பிரஷ் வைத்து ஒரு கருவி செய்தார். 1828இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஜோசஃப் கிளாஸ் அதை இன்னும் எளிதாக்கினார்: வளையக்கூடிய பிரம்புகள், ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் பித்தளை மரை, நுனியில் வட்ட பிரஷ். ஆக 1828இலேயே தீர்வு கையில் இருக்கு. ஆனால் பையன்கள் இன்னும் 47 வருஷம் ஏறினார்கள்.

காரணம் என்ன? 1819இல் பையன்களைத் தடை செய்யும் மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. பழைய பெரிய வீடுகளின் சிம்னிகளில் வளைவு அதிகம், மெஷின் போகாது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது வாதம். வளைவை இடித்துச் சரிசெய்யலாம், வளைவில் ஒரு சின்னக் கதவு வைக்கலாம். செலவாகும். பையனுக்கு அந்தச் செலவு கிடையாது. இதைப் படிக்கும்போது, 1993இலும் 2013இலும் நம்ம நாட்டில் சட்டம் போட்ட பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவர்கள் ஞாபகத்துக்கு வராமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் மெஷின் இருக்கு.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஃபுல்போர்ன் மனநலக் காப்பகத்தின் புகைக்குழாயில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற 11 வயதுப் பையனை ஏற்றினார்கள். உள்ளே சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டான். முதலாளிக்கு ஆறு மாதம் கடுங்காவல். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இந்த வழக்கைக் கையில் எடுத்து அதே வருஷம் புதுச் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். அதில் புதுசாகப் பெரிய வயது வரம்பு ஒன்றும் இல்லை. சிம்னி வேலை செய்பவர் ஒவ்வொரு வருஷமும் போலீஸிடம் உரிமம் வாங்கணும். சட்டத்தை மீறினால் உரிமம் போகும். இந்த ஒரு வரிதான் 87 வருஷமாக இல்லாமல் இருந்தது. அது வந்ததும் பையன்கள் நின்றார்கள், கிளாஸின் பிரஷ் ஜெயித்தது.

இப்போ டிரையர் பக்கம் வரலாம். 1800 வாக்கில் பிரான்ஸில் போஷோன் என்பவர், ஓட்டை போட்ட பீப்பாயில் ஈரத்துணியை அடைத்து நெருப்புக்கு மேல் கையால் சுற்றும் ஒரு சாதனம் செய்தார். துணி காய்ந்ததோ இல்லையோ, புகை வாசம் நிச்சயம் வந்திருக்கும். 1892இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர் அடுப்பின் சூட்டைப் பயன்படுத்தித் துணி காயவைக்கும் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று பார்க்கிற டிரையருக்கு அப்பா என்று சொல்லணும்னா நார்த் டகோட்டாவின் ராஸ் மூர். அந்த ஊர்க் குளிரில் கொடியில் போட்ட துணி பலகையாக உறைந்துவிடும். அம்மா படும் பாட்டைப் பார்த்து, கொட்டகையில் ஒரு அடுப்பும் எண்ணெய் டிரம்மும் வைத்து ஆரம்பித்தவர், பல வருஷம் அலைந்து, கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹாமில்டன் கம்பெனியிடம் கொண்டு சேர்த்தார். 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் கடைக்கு வந்தது. குளிர்காலத்திலும் ஜூன் மாத வெயில் என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

நெருப்பைத் தனி அறையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சிம்னி வந்த மாதிரி, டிரையர் உள்ளே வந்ததும் அதற்கும் ஒரு குழாய் வந்தது. பழைய தப்புகளும் சேர்ந்தே வந்தன. இடத்தை மிச்சம் பிடிக்க மெஷினை வீட்டின் நடுவில் வைத்தார்கள். குழாய் நீளமானது, வளைந்தது. அமெரிக்கக் கட்டட விதிகளில் பொதுவான வரம்பு 35 அடி, ஒவ்வொரு நேர்க்கோண வளைவுக்கும் அதில் 5 அடி கழித்துக்கொள்ளணும். ஏன் கழிக்கணும்? வளைவில்தான் காற்று வேகம் இழக்கும், வளைவில்தான் லின்ட் படியும். 1819இல் பிரபுக்கள் சபையில் பேசியதும் இதே வளைவைப் பற்றித்தான்.

அடைத்தால் என்ன ஆகும் என்றால், முதலில் ஒன்றும் ஆகாது. துணி காய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை ஓடவிடுவோம். சூடு வெளியே போக வழியில்லாமல் மெஷினுக்குள்ளேயே தேங்கும், ஹீட்டர் பக்கத்தில் தூசி சேரும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்துச் சொன்னது: வருஷத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள், 5 மரணம், 100 பேர் காயம், 3.5 கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாதது, 34 சதவீதம். கேஸில் ஓடும் டிரையர் என்றால் இன்னொரு ஆபத்து: வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனையும் கிடையாது.

நண்பனின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கு. மத்திய ஹீட்டிங் வந்து, அடுப்பங்கரைச் சிம்னிகள் குறைந்தபோது, நீளமான கம்பியும் வட்ட பிரஷும் வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் கிடைத்தது. அமெரிக்காவில் சிம்னி தொழிலாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சிம்னி சேஃப்டி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா, டிரையர் குழாய் வேலைக்கும் தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. அவர்கள் கொண்டுவரும் சாமானைப் பாருங்க: வளையக்கூடிய கம்பிகள், ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பது, நுனியில் வட்ட பிரஷ். பின்னால் ஒரு டிரில் மெஷின், அது மட்டும்தான் புதுசு. ஜோசஃப் கிளாஸ் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

நோட்டீஸில் மூன்றாவதாக இருந்த ஏர் டக்ட் கதை வேற. இங்கே நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அமெரிக்கக் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். ஆஃபீஸில் ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று 1981இல் தரம் எழுதினார்கள்; தலைவலி, கண் எரிச்சல் புகார்கள் குவிந்து, 1989இல் அதை 20 ஆக்கினார்கள். நடுவில் 1976இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்கள் கொத்துக்கொத்தாக நிமோனியாவில் விழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் புது பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்து லீஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து ஏசி காற்று என்றாலே ஒரு பயம். கவனியுங்க, அந்தக் கிருமி வாழ்வது தண்ணீரில். சந்தேகம் போனது ஏசியின் கூலிங் டவர் மேல். டக்ட்டில் கிடக்கும் காய்ந்த தூசி மேல் இல்லை.

ஆனால் பயத்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. டக்ட் சுத்தம் செய்தால் ஆஸ்துமா போகும், அலர்ஜி போகும் என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் வெளியிட்ட வழிகாட்டியில் நேராகவே எழுதிவிட்டது: டக்ட்டைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படும் என்று நிரூபிக்கப்பட்டதில்லை, வருஷா வருஷம் வழக்கமாகச் செய்யவும் தேவையில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை இருந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், தூசி அடைத்து அறைக்குள் வந்து விழுந்தால் செய்யுங்க. பூஞ்சை என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்க, அதை நிறுத்தாமல் கழுவினால் திரும்ப வரும்.

அதனால் அந்த நோட்டீஸில் இரண்டு வேலை நெருப்பு சம்பந்தப்பட்டது, மூன்றாவது பெரும்பாலும் பயம் சம்பந்தப்பட்டது. நண்பனுக்கு நான் சொன்னது: டக்ட் ஆஃபரை விடு. டிரையர் ஓடும்போது ஒரு தடவை வெளியே போய்ச் சுவரில் இருக்கும் அந்தக் குழாய் மூடியைப் பார். சூடான காற்று வேகமாக வந்து மூடி நன்றாகத் திறந்து நின்றால் சரி. லேசாக ஆடிக்கொண்டிருந்தால் அடைப்பு. பறவை வரும் என்று யாராவது அங்கே கொசுவலை அடித்து வைத்திருந்தால் பிடுங்கிப் போடு, லின்ட் முதலில் மாட்டுவது அதில்தான். மெஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் இருந்தால் உலோகக் குழாயாக மாற்று. வலையை ஒவ்வொரு தடவையும் துடை.

டிரையரே இல்லாத சென்னை, கோவை மக்களும் ஒரு நிமிஷம் எழுந்து கிச்சனுக்குப் போங்க. மாடுலர் கிச்சனில் அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிற அந்த எலெக்ட்ரிக் சிம்னியின் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிங்க. அதில் வழிகிற பிசுக்கு, கீழே எரியும் பர்னருக்கு இரண்டரை அடி மேலே இருக்கு.